வாசலில் ஆறாத போசிகள்

ஒரு விடுகதை போடுகிறேன். கொடுத்தவருக்குக் குறைவதில்லை, வாங்கிக்கொண்டவருக்குக் கனப்பதில்லை, வேண்டாம் என்று சொன்னால் மட்டும் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றுவிடும், அது என்ன? தெரிந்தவர்கள் அவசரப்பட்டுச் சொல்லிவிட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரும் கொஞ்சம் யோசிக்கட்டும். அதற்குள் குன்னூரில், மார்க்கெட்டுக்கு மேலே ஏறிப்போகும் பாறைமேட்டுத் தெருவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தெருவில் சுகந்தி என்று ஒருத்தி இருந்தாள். தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு டைப் அடிக்கிற வேலை. ருசி பார்க்கிறவர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, "நல்ல நிறம், நல்ல கடுப்பு" என்று சொன்னால் அதை அப்படியே அடித்துக் கொடுப்பாள். எந்தத் தேயிலையும் ஒரு நாளும் எழுந்து நின்று, "சேச்சே, அப்படியெல்லாம் இல்லைங்க" என்று சொன்னதில்லை. கணவன் மனோகரன் மின்வாரியத்தில் லைன்மேன். மகள் சாருமதிக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு.

படித்தவர், படித்துக்கொண்டிருப்பவர், துபாயில் இருப்பவர், துறையூரில் இருப்பவர் என்று ஆளாளுக்கு ஒரு வலைப்பதிவு வைத்துக்கொண்டு, வீட்டில் நடந்ததையும் பஸ்ஸில் பார்த்ததையும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. சுகந்தியும் எழுதினாள். அவளுடைய பதிவின் பெயர் 'காயாத துணி'. குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் பதினொரு நாளைக்குத் துணி காயாது என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து, மிச்சமிருக்கும் முக்கால் மணி நேரத்தில் அவள் எழுதுவாள். எழுதிவிட்டு, யாரோ துரத்துவதுபோலக் கம்ப்யூட்டரை அணைத்துவிடுவாள்.

மகளுடைய பள்ளிக்கூட சாக்ஸை, சோறு வேகும் குக்கர் மூடியின் மேல் காயப்போட்டதைப் பற்றி ஒரு திங்கட்கிழமை எழுதினாள். படித்தவர்கள் பாராட்டிப் போட்ட பதினான்கு பின்னூட்டங்கள் வந்தன. படிக்கப் படிக்க அவளுக்குக் காது சூடாகியது. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் போட்டாள். பதினான்கு பதிலும் ஒரே பதில்தான். "அய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நீங்க எழுதுறதுக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு எழுத்தா?"

செவ்வாய்க்கிழமை காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தால், வாசலில் பதினான்கு தூக்குப்போசிகள் வரிசையாக இருந்தன.

எல்லாம் பளபளவென்ற எவர்சில்வர் போசிகள், கைப்பிடியும் மூடியும் வைத்தவை. பாத்திரக்கடையில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அதுபோல ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு பெயர். ஏழரை மணி பஸ். மொட்டைமாடி மோகன். தக்காளித் தோட்டம். பின்னூட்டம் போட்டவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டிருந்த பெயர்கள் அவை. தொட்டால் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோலச் சூடு. மூடி மட்டும் திறக்கவில்லை. மனோகரன் கையால் திருகிப் பார்த்தான், துணி வைத்துத் திருகிப் பார்த்தான், மின்வாரியத்தின் பெரிய ஸ்பேனரைக் கொண்டுவந்தும் திருகிப் பார்த்தான்.

"நீ 'ஒண்ணுமில்லைங்க'ன்னு சொல்லியிருப்ப. அதான் வாசல்லயே உட்கார்ந்திருக்கு" என்றான், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு.

"வேற என்னங்க சொல்றது? ஆமா, நான் நல்லாத்தான் எழுதுறேன்னு சொல்லவா முடியும்?"

"அது எனக்குத் தெரியாது. எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு, நடுவுல ரெண்டு போசியை நகர்த்து, நான் தாண்டிப் போறேன்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. சுகந்தி எழுதினாள், அவர்கள் பாராட்டினார்கள், அவள் வேண்டாம் என்றாள், காலையில் போசிகள் வந்தன; வாசல் நிறைந்து ஜன்னல் திட்டுக்கு ஏறி, ஜன்னல் திட்டு நிறைந்து கட்டிலுக்கு அடியில் போய், கட்டிலுக்கு அடியும் நிறைந்து சாருமதியின் புத்தக அலமாரியில் கணக்குப் புத்தகத்துக்கும் சமூக அறிவியலுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தன. ஒன்றுகூட ஆறவில்லை.

பாறைமேட்டுத் தெரு இதற்காகக் கூட்டம் கூடி வாய்பிளக்கவில்லை. குளிர் ஊரில் ஆறாத ஒரு பொருள் கிடைத்தால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? எதிர்வீட்டு லூர்து மேரி இட்லி மாவு அரைத்து விற்பவள். குன்னூர்க் குளிரில் மாவு பொங்குவதற்கு அவள் படாத பாடு படுவாள். கம்பளி சுற்றுவாள், பல்பு எரியவிடுவாள், கோபம் வந்தால் மாவைத் திட்டவும் செய்வாள். முதல் வாரமே வந்து ஆறு போசி கேட்டு வாங்கிப்போய், மாவுப் பானையைச் சுற்றி வைத்தாள். காலையில் மாவு பானையை மீறிப் பொங்கி வழிந்து, தரையெல்லாம் ஓடியிருந்தது. அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர்கள் தயிருக்கு வாங்கிப்போனார்கள். ரிட்டயரான போஸ்ட்மேன் நஞ்சப்பன் முழங்காலுக்கு ஒன்று வாங்கிப்போய்த் திருப்பித் தரவே இல்லை. சட்டை தேய்க்க, ஈரச் செருப்பு உலர்த்த, கோழிக்குஞ்சுக் கூடையில் வைக்க, ரேஷன் கடை வரிசையில் மடியில் வைத்துக்கொண்டு நிற்க என்று தெருவே சுகந்தியின் போசிகளால் கதகதத்தது.

"இந்த வாரம் ஏன் எழுதலை?" என்று லூர்து வேலிக்கு மேலே எட்டிக் கேட்பாள். "பெந்தெகொஸ்து பண்டிகைக்கு ஆர்டர் இருக்கு கண்ணு. நல்லா உருக்கமா ஒண்ணு எழுது. எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொல்லட்டும். நீ வழக்கம்போல வேண்டாம்னு சொல்லிடு."

சுகந்தி சிரிப்பாள். சிரித்தாலும், வீட்டில் நடக்கும்போது காலில் இடறும் ஒவ்வொரு போசியையும் பார்க்கையில் அவளுக்கு மனது சங்கடப்படும். யாரோ முகம் தெரியாதவர்கள் சூடாக எதையோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அவள் அதைத் திறக்கக்கூட இல்லை.

இப்படிச் சில மாதங்கள் போன பிறகு, பதிவுகளைத் திரட்டிப் பட்டியல் போடும் ஒரு இணையதளம், 'இவர்கள்தான் பிரபல பதிவர்கள்' என்று இருபது பேரை அறிவித்தது. பதினேழாவதாகக் 'காயாத துணி' இருந்தது. சுகந்தி அந்தப் பக்கத்தை நான்கு முறை திறந்து பார்த்தாள் என்பதை மறைக்கக் கூடாது. நான்கு முறை பார்த்த பிறகு, "நானெல்லாம் பிரபலமா? யாரோ தெரியாம சேர்த்துட்டாங்க போலிருக்கு" என்று எழுதினாள்.

காலையில் கதவு பாதிதான் திறந்தது. வாசலில் ஒரு அண்டா நின்றது.

கல்யாண வீட்டு அண்டாவைவிடப் பெரியது. அதன் வயிற்றில் 'பிரபல பதிவர்' என்று முழ உயர எழுத்தில் வெட்டியிருந்தது. சுகந்தி கதவிடுக்கு வழியாக அதைப் பார்த்து, "அய்யோ, எனக்கு எதுக்கு இதெல்லாம்" என்றதும் அது ஒரு சாண் வளர்ந்து, கதவை வெளியிலிருந்து அழுத்தி மூடிவிட்டது. பின்வாசல் இல்லாத வீடு. அன்று முதல் மூன்று பேரும் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் போய்வந்தார்கள். சுகந்தி புடவையைச் செருகிக்கொண்டு ஜன்னல் தாண்டி ஆபீசுக்குப் போவதைப் பார்த்து நஞ்சப்பன், "பிரபலம் வருது, வழி விடுங்க" என்பார். வாழ்த்துச் சொல்லி எழுதியவர்களுக்கெல்லாம் அவள் மறுத்து எழுத எழுத, அண்டா கூரை ஓட்டைத் தொட்டது.

அதில் ஒரு குறையும் இருந்தது. அது சில்லென்று இருந்தது. லூர்து ஆசையாகக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, சட்டென்று எடுத்துவிட்டாள். "இதுல மாவு வச்சா மாவும் தூங்கிடும்."

சாருமதிதான் முன்பக்க ஜன்னல் கம்பியில் ஏறி நின்று அதற்குள் எட்டிப் பார்த்தவள். "அம்மா, இதுக்கு மூடியே இல்ல. உள்ள ஒண்ணும் இல்ல. குடுத்தவங்க பேரும் போடலை."

சுகந்தி யோசித்தாள். பேர் போட்ட பாத்திரம் என்றால் யாரோ ஒருவர் கொடுத்தது. இதை யாரும் கொடுக்கவில்லை; வாசகர் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்து ஒரு பட்டியல்தான் இதைச் செய்திருக்கிறது. கொடுத்த ஆளே இல்லாதபோது யாரிடம் போய் வேண்டாம் என்று சொல்வது? அவள் அதைப் பற்றி எழுதுவதை நிறுத்தினாள். அண்டா வளர்வதை நிறுத்தியது. புதன்கிழமை சாயங்காலம் மனோகரனும் அவனோடு வேலை செய்யும் நான்கு பேரும், மின்கம்பம் நடுகிற கயிறும் கப்பியும் கொண்டுவந்து, ஏலேலோ போட்டு, அண்டாவை நகர்த்தித் தெருக்குழாயின் கீழே வைத்தார்கள். ஒன்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெரு அது. அடுத்த ஒன்பது நாளும் அந்தத் தெருவில் யாரும் தண்ணீருக்கு அலையவில்லை. "பிரபலத்துல ரெண்டு குடம் மொண்டுட்டு வா" என்று பிள்ளைகளை அனுப்பினார்கள்.

அண்டா போனதும், கதவைத் தாராளமாகத் திறந்த முதல் காலையில், படியில் ஒரே ஒரு போசி இருந்தது. ரொம்பச் சின்னது, குழந்தைக்குப் பருப்புச்சோறு கட்டிக்கொடுக்கிற அளவு. சுகந்தி குனிந்து பெயரைப் படித்தாள். 'ஜெயசீலி டீச்சர்' என்று இருந்தது.

அவளுக்கு எழுதுகிறவர்களில் அப்படி யாரும் இல்லை. ஜெயசீலி, சாருமதியின் வகுப்பு டீச்சர்.

"சாரு, டீச்சர் உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

சாருமதி ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். "பனி வந்தா எங்க கிளாஸ்ல கடைசி பெஞ்சு காணாமப் போயிடும்னு எழுதியிருந்தேன். நல்லா இருக்கு, ஆண்டு விழாவுல நீயே மேடையில வாசிக்கிறியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மிஸ்னு சொன்னேன். தேவிகா என்னைவிட நல்லா எழுதுவா, அவளைக் கேளுங்கன்னு சொன்னேன்." நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். "அப்படித்தானேம்மா சொல்லணும்?"

"உனக்கு வாசிக்க ஆசையில்லையா?"

குழந்தை, ஒழுங்காகப் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, மறுபடி போட ஆரம்பித்தாள். அவளுக்கு எவ்வளவு ஆசை என்பது சுகந்திக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

பெயர் கொடுக்க நாளை வெள்ளிக்கிழமைதான் கடைசி என்று சொல்லிவிட்டுச் சாருமதி பள்ளிக்கூடம் போய்விட்டாள். சுகந்தி அந்தச் சின்னப் போசியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு நின்றாள். தன்னுடையவை முந்நூறு போசி வீட்டை அடைத்தபோது வராத பயம், இந்த ஒரு போசியில் வந்தது. இன்றைக்கு ஒன்று. பத்து வயதில் பத்து. இருபது வயதில் இவள் எந்தக் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய் வைப்பாள்?

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து முதல் நாள் வந்த முதல் போசியை இழுத்தாள். ஏழரை மணி பஸ். அந்தப் பெண் எழுதியது அவளுக்கு இன்னும் மனப்பாடம்: "அக்கா, சாக்ஸ் கதையைப் படிச்சுட்டு காலேஜ் லேபுல சத்தமா சிரிச்சு சார்கிட்ட திட்டு வாங்கினேன். ரொம்ப நாள் கழிச்சுச் சிரிச்சேன்."

சுகந்தி மூடியில் கை வைத்து, "நன்றிம்மா. ஆனா அதுல ஒண்ணும் பெருசா இல்ல" என்றாள். மூடி ஒரு சுற்று இறுகியது. "நன்றி, உன் நல்ல மனசு அப்படிச் சொல்ல வைக்குது" என்றாள். இன்னும் ஒரு சுற்று இறுகியது.

மாவு விற்ற பாத்திரங்களைக் கழுவி முடித்து, இன்னும் இரண்டு போசி கேட்டு வந்த லூர்து, கதவருகே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"திறக்கலாம்னு பார்க்கறேன்க்கா."

லூர்துவின் முகம் வாடியது. "திறந்துட்டா ஆறிடாதா?"

"ஆறிடும்னுதான் நினைக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமைக்கு நாப்பது கிலோ மாவு சொல்லியிருக்காங்க" என்றாள் லூர்து. பிறகு, சுகந்தியின் மடியில் இருந்த சின்னப் போசியைப் பார்த்தாள். பெயரைப் படித்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தரையில் வந்து உட்கார்ந்தாள். "பாப்பாவுக்கும் வந்துடுச்சா?"

"நான் ஏன் வேண்டாம்னு சொல்றேன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா? திமிரு இல்ல, அடக்கமும் இல்ல. ஒருத்தர் பாத்திரத்துல போட்டுக் குடுத்தா வெறும் பாத்திரமா திருப்பிக் குடுப்போமா? நாலு தக்காளியாவது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே குடுப்போம். இவங்க எல்லாரும் எழுதுறாங்க. நான் போய்ப் படிக்கணும், நல்லா இருக்குன்னு சொல்லணும். எனக்கு நேரமே இல்லைக்கா. வாங்கிக்கிட்டா திருப்பி எதைப் போட்டுக் குடுக்கிறது?"

"திருப்பிக் கேட்டாங்களா?"

"கேட்கலை."

"இத்தனை மாசமா எவளாச்சும் வந்து, 'அக்கா, என் போசி எங்க'ன்னு வாசல்ல நின்னாளா?"

"இல்ல."

லூர்து பெருமூச்சு விட்டாள். நாற்பது கிலோ மாவையும் சேர்த்து விட்ட பெருமூச்சு அது. "அப்புறம் என்ன? நன்றின்னு சொல்லு. சொல்லிட்டு வாயை மூடு. உனக்கு வாய்தான் அடங்க மாட்டேங்குது."

சுகந்தி மூடியில் கை வைத்தாள். "நன்றி" என்றாள். அதற்குப் பின்னால் வரிசையில் நின்று முண்டியடித்த அத்தனை வார்த்தைகளையும், பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளேயே நிறுத்தினாள். ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மூடி தானாகவே கழன்று கையோடு வந்தது.

உள்ளே புளிசாதம் இருந்தது. வேர்க்கடலை தூக்கலாக, அடிப்பக்கம் கொஞ்சம் தீய்ந்து, காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற வீட்டில் அவசரமாகக் கிளறியது. சுகந்தி ஒரு வாய் போட்டாள். ஹாஸ்டல் பிடிக்காமல் தினம் ஏழரை மணி பஸ்ஸில் போய்வருகிற ஒரு பெண், தன் மத்தியான டப்பாவையே தனக்குக் கொடுத்திருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அழுதாள், அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டாள், லூர்துவுக்கும் ஒரு கவளம் கொடுத்தாள்.

"உப்பு கம்மி" என்றாள் லூர்து.

சுகந்தி காலிப் போசியைக் கழுவித் துடைத்து வாசலில் வைத்தாள். யாரும் கேட்டு வரவில்லை. அது மெதுவாக ஆறி, மற்ற வீட்டுப் பாத்திரங்களைப்போல ஒரு பாத்திரமானது. சுகந்தி அடுத்ததைத் திறந்தாள். ரொட்டியும் பருப்பும், அபுதாபியிலிருந்து ஒருவர். அதற்கடுத்தது ரசம் மட்டும். காய்ச்சலில் படுத்திருந்தபோது படித்ததாக எழுதியவருடையது. "அருமை, என் பதிவுக்கும் வாங்க" என்று ஒரே வரியை ஊரெல்லாம் ஒட்டுகிறவருடைய போசிக்குள் இன்னொரு காலிப் போசிதான் இருந்தது. சுகந்தியும் லூர்துவும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அதுபோன்றவை அறுபதுக்கு மேல் இருக்கும். அவற்றைத் திறக்காமலே லூர்துவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"நாப்பது கிலோவுக்கு இது பத்தாது" என்றாள் லூர்து.

"உங்க கைக்கு எதுக்குக்கா போசி? உங்க மாவு மாதிரி இந்த மலையில யாருக்கு வருது?"

"அட போ, அது அரிசி நல்ல அரிசி. என் கையில என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு லூர்து நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மறுநாள் விடிந்தபோது லூர்துவின் வாசலில் 'சுகந்தி' என்று பெயர் வெட்டிய போசி, கொதிக்கக் கொதிக்க இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. நேரே கொண்டுபோய் மாவுப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். விஷயம் தெரிந்து தெருவே அவள் வீட்டுப் பக்கம் போகிறபோதும் வருகிறபோதும் அவளைப் புகழ்ந்தது. அவளும் சளைக்காமல், "போய்யா, பொய் சொல்லாத" என்று ஒவ்வொருவரையும் விரட்டினாள். நஞ்சப்பன் மட்டும் ஒன்பது முறை புகழ்ந்தார்.

அதே காலையில், சுகந்தியின் வீட்டில், சாருமதியின் முன்னால் சின்னப் போசி இருந்தது. வீடு முழுவதும் திறந்த போசிகள். இரண்டு நாளைக்குச் சமைக்கத் தேவையில்லை.

"அம்மா, இதை நீங்க திறந்து குடுங்க."

"இது எனக்கு வந்தது இல்லையே, சாரு. எனக்குத் திறக்காது."

"திறக்காம லூர்து பெரியம்மாவுக்குக் குடுத்தா? மாவுக்கு ஆகுமே."

"குடுக்கலாம். அவங்க வாங்கிக்குவாங்க."

"திறந்தா நான் வாசிக்கணுமா?"

"திறந்தா சாப்பிடணும். வாசிக்கிறது வேற. அதை நீதான் சொல்லணும்."

மனோகரன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, இல்லாத எதையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். சுகந்திக்குச் சொல்ல நூறு வார்த்தை வந்தது. நேற்றுப் பழகியதுபோல எல்லாவற்றையும் உள்ளேயே நிறுத்திக்கொண்டு, மகளுடைய தலையைப் பின்னினாள். இரண்டு பின்னலும் முடிகிறவரை சாருமதி போசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தாள். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். ரிப்பன் கட்டி முடித்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டு, "தேங்க் யூ மிஸ்" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே சேமியா உப்புமா இருந்தது. சாருமதி பாதியைச் சாப்பிட்டாள். மீதியை மத்தியானத்துக்கு வைத்து மூடினாள். பிரேயர் முடிந்ததும் ஜெயசீலி டீச்சரின் மேஜைக்குப் போய், ஆண்டு விழாவில் வாசிக்கத் தன் பெயரைக் கொடுத்தாள்.